ஒட்டு போடும் நேரம்

1

போன வாரம் மெடிக்கல். விசா புதுப்பிக்கும்போதெல்லாம் இது உண்டு. ரத்தம் எடுப்பார்கள். நெஞ்சைப் படம் எடுப்பார்கள். கடைசியில் கண்.

சுவரில் எழுத்துப் பலகை. பக்கத்தில் பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தி. இடது கண்ணைக் கையால் மூடச் சொன்னாள். மூடினேன். கடைசி வரிசை வரை சொன்னேன். மாற்றி மூடச் சொன்னாள். வலது கையால் வலது கண்ணை மூடினேன். அதையும் கடைசி வரிசை வரை சொன்னேன். அவள் எழுந்து வந்து என் கையை விலக்கினாள்.

"நோ சீட்டிங்," என்றாள்.

ஏமாற்றவில்லை. என் வலது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கிறது. விரல்களைச் சேர்த்து வைத்தாலும் அந்த இடத்தில் ஒரு சந்து. வெளிச்சம் அதன் வழியாக வந்திருக்கிறது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் விரலைப் பார்த்தாள். "சாரி" என்று சொல்லிவிட்டு ஒரு அட்டையைக் கொடுத்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அட்டையால் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது ஷைனி ஞாபகம் வந்தது. என் மகள். ஆறு வயது. சாயங்காலம் ஆனால் அவளுக்கு இதுதான் வேலை. நல்ல கண்ணை மூடிக்கொண்டு மற்ற கண்ணால் பார்க்க வேண்டும்.

நான் ஆரோக்கியம். காசிமேட்டுக்காரன். எட்டாவது வரை படித்தேன். சென்னைத் துறைமுகத்தில் லாஷிங் வேலை பார்த்தேன். கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்கள் கடலில் சரியாமல் இருக்க, இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவது. அதே வேலைக்குத்தான் ஓமன் நாட்டு சலாலாவுக்கு வந்தேன். இங்கே கப்பல் பெரிது, கம்பியும் கனம். மற்றபடி வேலை ஒன்றுதான்.

நம் கோயில் ஆண்டு மலருக்கு வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எழுத வேண்டும் என்று ஃபாதர் போனில் கேட்டார். நான் எழுதுகிறவன் இல்லை. பேசுகிறவனும் இல்லை. மெடிக்கல் முடிந்து அறைக்கு வந்து உட்கார்ந்தபோது இதை எழுதலாம் என்று தோன்றியது.

விரல் போனது போன வருடம். கம்பி நழுவி, அதற்கும் கண்டெய்னருக்கும் நடுவில் கை மாட்டியது. என் அறையில் இருக்கும் செல்வம் அண்ணாச்சி, தூத்துக்குடிக்காரர், அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார். இப்போது என்னைக் கம்பி முறுக்க விடுவதில்லை. கீழே நின்று சரிபார்க்கிற வேலை.

வீட்டுக்குச் சொல்லவில்லை. கடைசி லீவு முடிந்து கிளம்பியபோது ஏர்போர்ட்டில் என் மனைவி ஸ்டெல்லா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"போற மாரியே முயுசா வந்து சேரு."

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? வீடியோ காலில் போனை வலது கையில் பிடித்துப் பேசுவேன். விரல் போனுக்குப் பின்னால் போய்விடும்.

2

ஷைனிக்கு இடது கண் மூக்குப் பக்கம் சாயும். மூன்று வயதில் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் இதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. மாறுகண் என்றால் ராசி. பெண் பிள்ளைக்கு வந்தால் இன்னும் ராசி.

ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணி ஃபைபர் போட் வைத்திருக்கிறார். ஒரு நாள் விடியலில் கடலுக்குக் கிளம்பும்போது ஷைனி முகத்தில் முழித்துவிட்டுப் போனார். அன்று வலை நிறைய வஞ்சிரம். அவ்வளவுதான். அதிலிருந்து அவர் கிளம்பும் நாளெல்லாம் குழந்தையைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு போய்க் கரையில் நிறுத்துவார். பக்கத்துப் போட்டுக்காரர்களும் வந்து நின்று பார்ப்பார்கள்.

"இந்தக் கண்ணு லட்சத்துல ஒண்ணு மாப்ள," என்பார் என்னிடம். "உனக்கு மகளா பொறந்துது பாரு. எங்க வூட்ல பொறந்திருக்கணும்."

லீவில் போனபோது நானும் கரையில் நின்று பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையும் சிரித்தது. நன்றாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். ஒண்ணரை. ஒன்றரைக்கண் என்பதைப் பிள்ளைகள் சுருக்கிவிட்டார்கள். "ஒண்ணர, ஒண்ணர, யார பாக்கிற?" என்று கேட்பார்களாம். வீட்டில் வந்து சொன்னாள். ஸ்டெல்லா போய் டீச்சரிடம் சண்டை போட்டாள். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சண்டை அப்புறம் போடலாம்மா. பிள்ளைக்குக் கண் டாக்டரைக் காட்டினீங்களா?" என்றாராம்.

அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது. அன்று சாயங்காலம் ஸ்டெல்லா போன் செய்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒரு கண்ணு நல்லா கீதாம். இன்னொரு கண்ணும் கீது. ஆனா அது பாக்கலயாம்."

"கண்ணு கீது, பாக்கலன்னா? இன்னா கத இது?"

"எனுக்கும் புரியலய்யா. சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லுது டாக்டரம்மா. கொயந்த ஒரு கண்ணாலயே இத்தினி நாளு காலத்த ஓட்டிக்கினு இருந்திருக்கு. நம்ம யாருக்கும் தெரியல."

டாக்டரம்மா சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். அவள் சொன்னதை நான் இங்கே எழுதுகிறேன். இடது கண்ணில் பவர் அதிகம். அது காட்டுவது மங்கல். வலது கண் தெளிவாகக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் குழப்பம் என்று மூளை மங்கலானதைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்காமலே விட்டால் கண் அப்படியே நின்றுவிடும். கண்ணாடி போட வேண்டும். பிறகு நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் ஒட்டுப் போட்டு மூட வேண்டும். அப்போது வேறு வழி இல்லாமல் மூளை இந்தக் கண்ணைக் கேட்கும்.

"சின்ன வயசுல செஞ்சாத்தான் கேக்குமாம்," என்றாள் ஸ்டெல்லா. "ஏழு எட்டு தாண்டிட்டா ரொம்ப கஷ்டமாம். அப்பால கண்ணாடி போட்டாலும் தெரியாதாம். சீக்கிரம் வந்திருக்கலாமேன்னு கேட்டுச்சு. ராசின்னு நெனச்சிகினு இருந்தோம்னு எந்த வாயால சொல்றது?"

3

கண்ணாடி போட்டார்கள். வண்ணாரப்பேட்டை கண்ணாடிக் கடை பாய் பின்னால் ஒரு எலாஸ்டிக் பட்டை வைத்துக் கொடுத்தார், ஓடினாலும் விழாமல் இருக்க. கண்ணாடி போட்டால் கண் நேராக நின்றது. கழற்றினால் பழையபடி சாய்ந்தது.

இதில்தான் வினை. அந்தோணி மச்சான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குழந்தையைக் கரைக்குக் கூட்டிப் போனார். அது கூடப் பரவாயில்லை. ஸ்டெல்லா அப்போது இறால் கம்பெனியில் மாலை ஷிப்ட். பள்ளி விட்டால் ஷைனி மாமா வீட்டில்தான். ஒட்டுப் போடும் நேரமும் அங்கேதான். ஒட்டு அரிக்கும். பிள்ளை அழும். அழுதால் மச்சான் பிய்த்து எறிந்துவிடுவார். "நல்லா கீற கண்ண மூடிட்டு நொள்ள கண்ணால பாருன்னா, எந்த ஊரு நாயம் இது?" என்பார். அவருக்கு அவள் மேல் உயிர். அதனால்தான் பிய்த்தார்.

மறுபடி ஆஸ்பத்திரி. முன்னேற்றம் இல்லை. அதற்கடுத்த தடவையும் இல்லை. டாக்டரம்மா கோபித்துக்கொண்டார். ஒட்டை வீட்டில் வைத்திருந்தால் போதாது, பிள்ளை முகத்தில் இருக்க வேண்டும் என்றார். இப்படியே போனால் அடுத்த வருடம் வந்தும் பிரயோசனம் இல்லை என்றார்.

நான் லீவு கேட்டேன். ஆபீசில் ஒரு மனிதர். இந்தியில் பேசுவார். எனக்குத் தெரிந்த இந்தி துறைமுகத்து இந்தி. கம்பி, கயிறு, தூக்கு, நிறுத்து. அதில் மகளுடைய கண்ணை எப்படிச் சொல்வது? என் கண்ணைக் கையால் மூடிக் காட்டினேன். ஆபரேஷனா என்று கேட்டார். இல்லை, பட்டி என்றேன், கட்டுப் போடுவதற்கு இந்தியில் அதுதான் வார்த்தை. காயமா என்றார். காயம் இல்லை என்றேன். நல்ல கண்ணுக்கா, கெட்ட கண்ணுக்கா என்றார். நல்ல கண்ணுக்கு என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போடாமலே லீவு பேப்பரை என் பக்கம் தள்ளினார்.

"நல்ல கண்ணுக்குப் பட்டி போட அப்பா எதுக்கு?"

கேள்வி சரிதான். பேப்பரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்டெல்லா காலை ஷிப்ட் கேட்டு மாற்றிக்கொண்டாள். நானும் இங்கே காலை ஷிப்ட் கேட்டேன். யாருக்கும் பிடிக்காத ஷிப்ட், உடனே கொடுத்துவிட்டார்கள். இங்கே மணி நம் ஊருக்குப் பின்னால். அங்கே விளக்கு வைக்கிற நேரம் இங்கே வெயில் இருக்கும். வேலை முடிந்து, குளித்து, நான் போனை எடுத்தால் அங்கே பிள்ளை பள்ளி விட்டு வந்து டீ குடித்திருக்கும். ஸ்டெல்லா ஒட்டைப் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போவாள். இரண்டு மணி நேரம் பிள்ளை ஒட்டைப் பிய்க்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

4

நான் பேசுகிறவன் இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.

"சாப்டியா?"

"ம்."

"ஸ்கூல்ல இன்னா சொல்லிக் குடுத்தாங்க?"

"தெரில."

"வெயிலா கீதா அங்க?"

"நைனா, எத்தினி வாட்டி கேப்ப?"

அதோடு என் பேச்சு தீர்ந்தது. இரண்டு மணி நேரம் அப்படியே மிச்சம் இருந்தது. கட்டிலில் படுத்திருந்த அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார்.

"என்னவே, பிள்ளைட்ட பேசுதீரா, போலீஸ் விசாரணை பண்ணுதீரா? ஏதாவது வெளையாட்டுக் காட்டும்வே."

என்ன விளையாட்டு? நான் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தேன். அறையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். சீப்பு. சோப்பு டப்பா. அண்ணாச்சியின் பனியன். எல்லாவற்றுக்கும் "தெரில" என்றாள். அடம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. நிஜமாகவே தெரியவில்லை. இடது கண்ணில் நான் ஒரு நிழல். சீப்பு இன்னொரு நிழல்.

எங்கள் வீடு எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம், மாடியில். ஜன்னலைத் திறந்தால் கண்டெய்னர் லாரி. துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும். அந்தப் புழுதியையும் ஹாரனையும் திட்டாத நாள் இல்லை. ஒரு நாள் போனில் அந்த ஹாரன் கேட்டது. கேட்டேன்.

"ஜன்னல்ல இன்னா நிக்கிது?"

"லாரி."

"மேல பெட்டி இன்னா கலரு?"

முகத்தை ஜன்னல் கம்பியில் வைத்தாள். பிறகு, "செவப்பு" என்றாள்.

"ஸ்டெல்லா, பாத்து சொல்லு."

அடுப்பிலிருந்து சத்தம் வந்தது. "செவப்புதான்யா. துருப் புடிச்ச செவப்பு."

அன்றிலிருந்து அதுதான் ஆட்டம். அவள் கலர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அந்தப் பெட்டி எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு எங்கே தெரியும்? பச்சை ஆப்பிரிக்கா போகுது, நீலம் சீனா போகுது என்று அடித்துவிடுவேன்.

"இந்தப் பெட்டி உன்கிட்ட வருமா நைனா?"

"வரும். வந்தா நான் கட்டி வுடுவேன்."

"நான் பாத்த பெட்டின்னு உனுக்கு எப்டி தெரியும்?"

மறுநாள் வேலையில் நீலப் பெட்டி வந்தபோது கொஞ்சம் நின்று பார்த்தேன்.

டாக்டரம்மா கிட்டத்தில் பார்க்கிற வேலையும் கொடுக்கச் சொல்லியிருந்தார். அதற்கு நெத்திலிக் கருவாட்டில் தலை கிள்ளுவது, ஊசியில் மணி கோப்பது, கலர் அடிப்பது. அதெல்லாம் முடிந்தால் கடைசியில் விரல் ஆட்டம். நான் கேமராவுக்கு முன்னால் விரலைக் காட்டுவேன். எத்தனை என்று அவள் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் கேட்டார்களாம். இடது கையைத்தான் காட்டுவேன். வலது கை தொடைக்குக் கீழே இருக்கும்.

5

ஒரு நாள் கப்பல் தாமதம். ஷிப்ட் நீண்டுவிட்டது. போன் போட முடியவில்லை. மறுநாள் கேட்டேன்.

"நேத்து நைனா வரலன்னு தேடுனியா?"

"இல்ல. ஜாலியா இருந்துச்சு. ஒட்டே போடல."

குழந்தை பொய் சொல்லாது.

எனக்குத் தெரியும். என் போன் வந்தால் ஒட்டு வரும். நான் போனால் ஒட்டும் போகும். நாய்க்குட்டிக்குச் சங்கிலியைக் காட்டியது போல, என் பெயர் போனில் வந்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறாள் என்று ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவளாகக் கூப்பிடுவாள். கவுன் காட்டுவாள். இப்போது அது இல்லை. ஒட்டு இல்லாத நேரத்தில் என்னோடு பேச வரமாட்டாள். யோசித்துப் பார்த்தால், அவள் நல்ல கண்ணால் என்னைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிறது. அவளுக்கு நான் எப்போதும் அந்த மங்கல் கண்ணில் தெரிகிறவன்தான்.

இங்கே இப்போது சாரல் காலம். அரபு நாட்டில் மழையா என்று ஊரில் நம்பமாட்டார்கள். சலாலாவில் வருடத்தில் கொஞ்ச நாள் மலையெல்லாம் பச்சையாகும். தென்னை மரம் உண்டு, ரோட்டோரம் இளநீர்க் கடை உண்டு. முதல் தடவை பார்த்தபோது ஊர் மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஊர் மாதிரி இருக்கிற இடத்தில்தான் ஊர் அதிகம் ஞாபகம் வருகிறது. பாலைவனமாகவே இருந்திருக்கலாம்.

போன் வைத்த பிறகு அறையில் சத்தம் இருக்காது. அண்ணாச்சி வேலைக்குப் போயிருப்பார். பாட்டிலில் சாய்த்த போனை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். பிறகு அரிசி களைவேன்.

கையை மறைப்பதிலும் மெல்ல மெல்லக் கவனம் குறைந்தது. ஸ்டெல்லா பேசினால் கவனமாக இருப்பேன். ஷைனியிடம் அவ்வளவு பயம் இல்லை. அவளுக்குத்தான் தெரியாதே. சோப்பை இரண்டு கையாலும் காட்டுவேன், தலை சொறிவேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காதது எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், கண் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

6

போன மாதம் ஒட்டு நேரத்தில் அந்தோணி மச்சான் வீட்டுக்கு வந்தார். போனில் என்னைப் பார்த்ததும் உட்கார்ந்தார்.

"மாப்ள, ஒரு அஞ்சு நிமிசம் கொயந்தைய தா. புது எஞ்சின் இறக்குறேன். முன்னாடி வந்து நின்னா போதும்."

"ஒட்டு கீது மச்சான்."

"கயிட்டு. அப்பால ஒட்டிக்கோ. ஓடியா பூடும்?"

"கயிட்டுனா மறுபடி ஒட்டாது."

"புது ஒட்டு போடு. கண்ணாடியும் வாணாம். எனுக்கு அந்தப் பழைய கண்ணுதான் வோணும்."

என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் குரல் ஏறியது.

"இன்னா மாப்ள, பேஜாரு பண்ற? நீ அங்க குந்திகினு ஆர்டர் போடுற. இங்க தூக்கி வளத்தது யாரு? காச்சல் வந்தா இட்டுகினு ஓடுனது யாரு?"

"நீதான் மச்சான்."

உண்மைதானே. ஒத்துக்கொண்டேன். அதற்கு மேல் அவரால் கத்த முடியவில்லை. அடுப்பிலிருந்து ஸ்டெல்லா கரண்டியோடு வந்தாள்.

"ணா, உன் எஞ்சினு நின்னா மெக்கானிக்க கூப்புடுவ. வேற எஞ்சினு வாங்குவ. இவ கண்ணு நின்னா எங்கணா போய் வாங்கிக்கினு வருவியா? இட்டுகினு போ. ஒட்டோட இட்டுகினு போ. கயிட்டுன, அப்பால இந்த வூட்டுப் படி ஏறாத."

மச்சான் குழந்தையைப் பார்த்தார். கண்ணாடி, உள்ளே ஒரு பக்கம் ஒட்டு, தலைக்குப் பின்னால் எலாஸ்டிக்.

"கடல் கொள்ளக்காரி மாரி கீறடி," என்றார்.

"கொள்ளக்காரின்னா போட்டு என்துதான்," என்றாள் ஷைனி.

அவர் சிரித்துவிட்டார். தோளில் தூக்கிக்கொண்டு போனார். போனையும் பிள்ளை கையில் கொடுத்துவிட்டார்கள். நானும் அவர் தோளில் கரைக்குப் போனேன். வானம், யாரோ ஒருவருடைய தலை, வலைக் குவியல், சாய்ந்த கடல் எல்லாம் மாறி மாறி வந்தது. டீசல் புகையைப் பார்த்தேன். வாசனை மட்டும் வரவில்லை.

மறுநாள் மீன் எப்படி என்று கேட்டேன். "வந்தது வந்துச்சு," என்றார். "எஞ்சினு நல்லா ஓடுது. அதுவும் ராசிதான்." அதற்குப் பிறகு அவர் ஒட்டைத் தொடவில்லை.

7

மேலே உள்ளது வரை எழுதி வைத்திருந்தேன். விரலைப் பற்றிய வரிகளை அடித்துவிட்டு ஃபாதருக்கு அனுப்பலாம் என்று எண்ணம். மலரை ஸ்டெல்லாவும் படிப்பாள். நேற்று சாயங்காலத்தோடு அடிக்க வேண்டிய வேலை இல்லாமல் போய்விட்டது.

நேற்றும் வழக்கம்போலப் போன் பாட்டிலில். வெளியே சாரல். கண்டெய்னர் ஆட்டம் முடிந்தது. இப்போதெல்லாம் பெட்டியில் இருக்கும் பெரிய எழுத்துகளையும் சொல்கிறாள். ஆனால் தினமும் வரும் பெட்டிகள், மனப்பாடம் ஆகியிருக்கும் என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு விரல் ஆட்டம். என் இடது கையில் டீ இருந்தது. யோசிக்காமல் மற்ற கையைத் தூக்கி விரித்தேன்.

"எத்தினி?"

"நாலு."

தப்பு என்று மனசு விழுந்தது. அஞ்சுதானே காட்டினேன் என்று நினைத்தேன். என் கை எனக்கே மறந்திருந்தது.

"நல்லா பாரு ஷைனி."

போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். திரை முழுக்கக் கண்ணாடியும் ஒட்டும்.

"நாலு... இல்ல நைனா. நாலர."

அடுப்பிலிருந்து ஸ்டெல்லா வந்தாள்.

"இன்னாடி நாலர? ஒட்டு சந்துல பாக்கிறியா? திருடி! காட்டு."

கண்ணாடியை எடுத்துவிட்டு ஒட்டைச் சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்த்தாள். மூக்குப் பக்கம் பார்த்தாள். புருவத்துக்கு மேல் பார்த்தாள். மறுபடி கண்ணாடியை மாட்டினாள்.

"ஒட்டு ஒயுங்காத்தான்யா கீது," என்றாள். குரல் மாறிவிட்டது. "யோவ், ஒட்டு நல்லாத்தான் கீது. இவ இந்தக் கண்ணாலதான் பாக்குறா."

"ம்," என்றேன்.

"அப்ப இன்னாத்த பாத்துட்டு நாலரன்றா?"

"நைனா வெரலு பாதிதாம்மா கீது," என்றாள் ஷைனி. "சின்ன வெரலுக்குப் பக்கத்துல."

கை கீழே போய்விட்டிருந்தது. ஸ்டெல்லா போனை வாங்கினாள்.

"கைய காட்டு."

"ஒண்ணும் இல்ல."

"காட்டுய்யா."

காட்டினேன். அவள் பார்த்தாள். ரோட்டில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"எப்ப?"

"போன வருசம்."

"வலிக்குதா?"

"இல்ல."

"சோறு எப்டி பெசையற?"

"பெசையறேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுத் திரையை விட்டு நகர்ந்தாள். அடுப்பு அணைக்கும் சத்தம் கேட்டது.

"ஸ்கூல்ல என்னைய ஒண்ணரன்னு சொல்லுவாங்க," என்றாள் ஷைனி. "நீ நாலர." அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு தடவை சொல்லிச் சிரித்தாள். பிறகு, "நைனா, தூரமா போய்க் காட்டு," என்றாள்.

எழுந்தேன். கட்டில் கால் பக்கம் போய் நின்று கையைத் தூக்கினேன்.

"நாலர."

தெரிந்ததைச் சொல்கிறாள் என்று பட்டது. ஆள்காட்டி விரலை மடக்கினேன்.

"மூணர."

பாதி விரலை மடக்கி மற்றதை நீட்டினேன்.

"இப்ப நாலு. முயு நாலு. இன்னும் தூரமா போ."

அறையில் இன்னும் தூரம் என்றால் வாசல்தான். கதவைத் திறந்து வாசற்படியில் நின்றேன். முதுகில் சாரல் பட்டது. அங்கிருந்து எனக்குப் போன் ஒரு சின்ன வெளிச்சம் மட்டும்தான். அதில் யார் இருக்கிறார்கள், ஸ்டெல்லா திரும்பி வந்தாளா, அழுகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. கையை விரித்துத் தூக்கிப் பிடித்தேன்.

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. வலது கை வலித்தது. இறக்கவில்லை.

"நாலர," என்றாள். "அசையாம நில்லு நைனா. அம்மாவும் பாக்கணுமாம்."